நள்ளிரவு வரை பார், எதிர்வீட்டில் யார்?

ஆந்திரத்தில் 2025 செப்டம்பர் 1ஆம் தேதி புதிய பார் கொள்கை நடைமுறைக்கு வந்தது. காலை 10 மணிக்குத் திறந்து இரவு 12 மணிக்கு மூடலாம் என்று நேரத்தை நீட்டித்தார்கள். மாநிலம் முழுக்க 840 பார்கள். ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்து ஆண்டுக் கட்டணம் 35 லட்சம், 55 லட்சம், 75 லட்சம் என்று மூன்று படிகள். விண்ணப்பக் கட்டணம் மட்டும் 5 லட்சம். பார் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தப் பணம் திரும்பி வராது. ஒரு பாருக்குக் குறைந்தது நான்கு பேராவது போட்டியிட்டால்தான் குலுக்கல். கள் இறக்கும் சமூகத்தினருக்கு ஒதுக்கீடும் உண்டு. எதிர்பார்த்த அளவுக்கு ஆள் வராததால் கடைசித் தேதியைத் தள்ளிவைக்க வேண்டியிருந்தது என்பது வேறு விஷயம்.

இந்த ஏற்பாட்டில் யார் யாரை நினைத்துப் பார்த்திருக்கிறார்கள் என்று கவனியுங்கள். கஜானாவை நினைத்திருக்கிறார்கள். வியாபாரியை நினைத்திருக்கிறார்கள். குடிப்பவருக்கு ஒரு மணி நேரம் கூடுதலாகக் கிடைத்திருக்கிறது. சமூக நீதியும் ஒரு மூலையில் இடம்பெற்றிருக்கிறது. விட்டுப்போனவர் ஒருவர்தான். பாருக்கு எதிர்வீட்டில் குடியிருப்பவர்.

சித்தூரிலும் திருப்பதியிலும் மாநகராட்சிகள் இருக்கின்றன. திருப்பதி 2007லும் சித்தூர் 2012லும் மாநகராட்சி அந்தஸ்து பெற்றன. மேயர், கவுன்சிலர்கள், வார்டு என்று எல்லா அமைப்பும் உண்டு. தெருவிளக்கு எரியவில்லை என்றால் அங்கே மனுக் கொடுக்கலாம். சாக்கடை அடைத்துக்கொண்டால் கத்தலாம். ஆனால் அதே தெருவில் நள்ளிரவு வரை ஒரு பார் வரலாமா என்ற கேள்வி அந்த மன்றத்துக்கு வருவதே இல்லை. பார் வைக்கப்போகிறவர் விண்ணப்பிப்பது கலால் துறையிடம். குலுக்கல் நடப்பது கலெக்டர் முன்னிலையில். உங்கள் வார்டு உறுப்பினருக்கே பெயர்ப்பலகை மாட்டும்போதுதான் விஷயம் தெரியவரும் என்றால் அவரைக் குறை சொல்லிப் பயனில்லை.

இதற்கு அலட்சியம் மட்டுமே காரணம் இல்லை. சட்டத்தின் அடித்தளமே அப்படித்தான் அமைந்திருக்கிறது. மது வியாபாரம் செய்ய எந்தக் குடிமகனுக்கும் அடிப்படை உரிமை கிடையாது என்று உச்ச நீதிமன்றம் பல முறை சொல்லியிருக்கிறது. 1975இல் வந்த ஹர் சங்கர் வழக்கின் தீர்ப்பு அதில் முக்கியமானது. மது விற்கும் உரிமை முழுவதும் அரசுக்கே சொந்தம். அரசு விரும்பினால் அதில் ஒரு பங்கை விலைக்குக் கொடுக்கலாம். நாம் 'லைசென்ஸ்' என்று சொல்வது உண்மையில் அந்த விற்பனைக்கான ரசீது. லைசென்ஸ் ஓர் அனுமதி என்றால், அதனால் பாதிக்கப்படுகிறவரின் பேச்சைக் கேட்க வேண்டும். விற்பனை என்றால் விற்பவரும் வாங்குபவரும் ஒப்புக்கொண்டால் முடிந்தது. பக்கத்து வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டா ஒருவர் தன் மாட்டை விற்கிறார்?

எனவேதான் நம் நாட்டில் மதுக்கடை விவகாரம் காலங்காலமாக ஏலமாகவே நடந்துவந்திருக்கிறது. தெலுங்கில் ஏலத்துக்கு 'வேலம் பாட்ட' என்று பெயர். பாட்ட என்றால் பாட்டுதான். சித்தூர்ப் பக்கத்துத் தமிழர்கள் இரண்டு மொழியும் கலந்து பேசும்போது இந்தச் சொல்லை வைத்துக் கேலி செய்யாமல் இருக்க மாட்டார்கள். சாராயக் கடைகளுக்கு ஆண்டுதோறும் 'பாட்டு' நடக்கும். அதிகத் தொகை கூவியவருக்குக் கடை. அவருக்கு அடியாட்கள், அதிகாரிகளுடன் நெருக்கம், அடுத்த தேர்தலில் ஒரு சீட்டு என்று வாழ்க்கை விரியும்.

அந்தப் பாட்டைத்தான் 1992இல் நெல்லூர் மாவட்டத்துப் பெண்கள் நிறுத்தினார்கள். கதை தெரிந்ததுதான் என்றாலும் ஓர் அம்சத்தை யாரும் போதுமான அளவு பேசியதாகத் தெரியவில்லை. அறிவொளி இயக்கத்தின் பாடப் புத்தகத்தில் சாராயத்தால் சீரழிந்த குடும்பத்தைப் பற்றி ஒரு பாடம். தூபகுண்டா கிராமத்துப் பெண்கள் அதைப் படித்துவிட்டுத் தங்கள் ஊர்ச் சாராயக் கடையை மூடவைத்தார்கள். முன்னால் நின்றவர் வர்தினேனி ரோசம்மா. பின்னாளில் தூபகுண்டா ரோசம்மா என்றே அறியப்பட்டார். செய்தி ஊர் ஊராகப் பரவியது. துடைப்பமும் மிளகாய்ப்பொடியும் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. ஆனால் அரசாங்கத்துக்கு உண்மையில் வலித்தது ஏலக்கூடத்தின் முன்னால் அவர்கள் வந்து நின்றதுதான். மாவட்ட ஏலத்தை மறுபடி மறுபடி தள்ளிவைக்க வேண்டிவந்தது. தங்கள் ஊரில் கடை இருக்க வேண்டுமா என்று யாரும் கேட்காத பெண்கள், முடிவெடுக்கிற அறையின் வாசலுக்கே வந்து பதில் சொன்னார்கள். தானாக ஒரு விசாரணையை நடத்தத் தெரியாத அரசுக்கு அவர்கள் ஒன்றை நடத்திக் காட்டினார்கள் என்றே சொல்ல வேண்டும்.

பக்கத்து மாவட்டமான சித்தூருக்கும் அந்த அலை வந்தது. 1993 ஏப்ரல் 15 முதல் நெல்லூரில் சாராயத் தடை. அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுக்க. 1994 டிசம்பரில் என்.டி. ராமராவ் பூரண மதுவிலக்கு வாக்குறுதியுடன் ஆட்சிக்குத் திரும்பினார். 1995 ஜனவரி 16 முதல் மதுவிலக்கு அமலானது. சாராயத்தை பாலிதீன் பாக்கெட்டில் அடைத்து 'வருண வாகினி' என்று பெயர் சூட்டி ஊர் ஊராக ஓடவிட்டதும் 1980களில் இருந்த அவருடைய அரசாங்கம்தான் என்பதைப் பெண்கள் பெரிய மனதுடன் மறந்தார்கள். 1997இல் அவருடைய மருமகன் சந்திரபாபு நாயுடுவின் அரசு மதுவிலக்கை நீக்கியது. அப்போது பெண்களை யாரும் கேட்கவில்லை.

இதில் சித்தூர் மாவட்டத்துக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. மதராஸ் மாகாணத்தில் ராஜாஜி 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே, 1938இல், சித்தூரையும் கடப்பாவையும் சேர்த்துக்கொண்டார். 1939இல் வட ஆற்காடு. அதாவது இந்தியாவிலேயே மிக ஆரம்பத்தில் மதுவிலக்கைப் பார்த்த மாவட்டங்களில் சித்தூர் ஒன்று. கலால் வருமானம் போன ஓட்டையை அடைக்க 1939இல் பொது விற்பனை வரி வந்தது. மதுவிலக்கு போய்விட்டது, விற்பனை வரி மட்டும் வெவ்வேறு பெயர்களில் நம்முடனே வாழ்ந்துகொண்டிருக்கிறது. மறுபடி கலால் வருமானமும் வந்து சேர்ந்தது. வரி போடுகிறவர்களுக்கு எப்போதும் நல்ல காலம்தான்.

1953இல் ஆந்திரம் தனி மாநிலமானது. மதுவிலக்கைத் தொடர்வதா விடுவதா என்று பார்க்க எஸ்.வி. ராமமூர்த்தி தலைமையில் ஒரு குழு. விட்டுவிடலாம் என்றது குழு. முதல்வர் பிரகாசம் அதை ஏற்றுச் செயல்படுத்தவில்லை என்று நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. 1954 நவம்பரில் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் ஆட்சி கவிழ்ந்தது. ஒரு சாராயப் பிரச்சினைக்காக ஓர் அமைச்சரவையே போன மாநிலத்தில், ஒரு தெருவின் கருத்துக்கு மட்டும் எடை இல்லை.

சித்தூருக்கு மதுவிலக்கு வந்ததும் மேலேயிருந்துதான், போனதும் மேலேயிருந்துதான். கடைகள் தனியாரிடம் இருந்ததும், 2019 அக்டோபரில் ஜெகன்மோகன் ரெட்டி அரசு அவற்றை எடுத்துக்கொண்டு 4,380 கடைகளை 3,500 ஆகக் குறைத்ததும், காலை 11 மணி முதல் இரவு 8 மணி வரை என்று நேரத்தைச் சுருக்கியதும், 2024 அக்டோபரில் சந்திரபாபு நாயுடு அரசு மறுபடி தனியாருக்கே கொடுத்ததும், இரவு 10 மணி வரை நேரத்தை நீட்டித்ததும் எல்லாம் மேலேயிருந்துதான். அந்தக் குலுக்கலின் கணக்கைப் பார்த்தால் தலை சுற்றும். 3,396 கடைகளுக்கு 89,882 விண்ணப்பங்கள். ஒரு விண்ணப்பத்துக்கு 2 லட்சம் ரூபாய். ஒரு பாட்டில்கூட விற்காமல் கஜானாவுக்கு ஏறத்தாழ 1,798 கோடி ரூபாய் வந்து சேர்ந்தது. கடைக்கு ஆசைப்பட்டவர்களுக்கு அந்த அறையில் இடம் இருந்தது. கடை வேண்டாம் என்று சொல்ல நினைப்பவருக்கு விண்ணப்பப் படிவமே கிடையாது. 2 லட்சம் கட்டுகிறேன் என்றாலும் கிடையாது.

தெருவின் இடத்தில் அரசு வைத்திருப்பது ஒரு நாடா. அளக்கிற நாடா. கோயில், பள்ளி, மருத்துவமனை இவற்றிலிருந்து 100 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும் என்பது விதி. எப்படி அளப்பது? கடை வாசலின் நடுப்புள்ளியிலிருந்து, நடந்து போகிறவர் வழக்கமாகப் போகிற மிகக் கிட்டிய வழியாக, கோயிலின் அல்லது பள்ளியின் மிக அருகிலுள்ள வாயிலின் நடுப்புள்ளி வரை. எழுதியவர் ரொம்ப ஜாக்கிரதையாகத்தான் எழுதியிருக்கிறார். ஆனால் வாயிலைச் சற்று இடம் மாற்றினால், பக்கவாட்டுக் கதவை மூடிவிட்டால், 92 மீட்டர் 104 மீட்டர் ஆகிவிடும். கோயில் என்றால் அறநிலையத் துறைப் பதிவேட்டில் இருக்க வேண்டும். பள்ளி என்றால் அங்கீகாரம் இருக்க வேண்டும். மரத்தடி அம்மனும் மாடியில் நடக்கும் டியூஷன் சென்டரும் நாடாவின் கணக்கில் வர மாட்டார்கள்.

ஒரு தெருவைக் கற்பனை செய்துகொள்வோம். சித்தூரில் இருக்கலாம், திருப்பதியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால் எங்கோ இருக்கலாம். கீழே ஒரு மெடிக்கல் ஷாப், ஒரு தையல்கடை. மாடியில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இரவு 9 மணி வரை கணக்கு டியூஷன். நான்கு வீடு தள்ளி நர்ஸாக வேலை பார்க்கும் பெண். ஷிப்ட் முடிந்து 10 மணிக்கு ஷேர் ஆட்டோவில் இறங்கி 200 அடி நடந்து வருவாள். இந்தத் தெருவில் ஒரு பார் வருகிறது. விதிப்படி எல்லாம் சரி. 100 மீட்டரில் பதிவான கோயில் இல்லை. இப்போது அந்தப் பெண்ணுக்கு ஒரே ஒரு கேள்விதான்: பைக்குகளை எந்தப் பக்கம் நிறுத்துவார்கள்? அவள் நடக்கிற பக்கம் நிறுத்தினால் அவளுடைய 200 அடி மாறிவிடுகிறது. பாரின் வாசல் மெயின் ரோட்டைப் பார்த்து இருந்தால் ஒரு மாதிரி, சந்தைப் பார்த்து இருந்தால் வேறு மாதிரி. அவள் மதுவிலக்கு கேட்கவில்லை. வாசலைத் திருப்பி வையுங்கள் சார் என்று கேட்க ஓர் இடம் வேண்டும். அந்த இடம் எங்கே இருக்கிறது என்று கலால் துறை அலுவலகத்தில் விசாரித்தால் அவர்களுக்கே தெரியாது. ஏனென்றால் அப்படி ஒன்று இல்லை.

திருப்பதியில் ஒருவருக்கு மட்டும் கேட்காமலே இடம் கிடைத்திருக்கிறது. மலைமேல் இருப்பவர். திருமலையில் மதுவும் மாமிசமும் புகையும் கிடையாது; அலிபிரி சோதனைச் சாவடியில் பைகளைத் துழாவிப் பார்ப்பார்கள். கீழே நகரத்திலும் ரயில் நிலையத்திலிருந்து பஸ் நிலையம், லீலா மகால், நந்தி சர்க்கிள் வழியாக அலிபிரி போகும் பாதையில் மதுக்கடைக்கு உரிமம் கிடையாது. யாத்ரீகர் நடக்கும் வழி. சரியான விதி, இதில் குறை காண எதுவும் இல்லை. ஆனால் இந்த விதி வேறொன்றையும் சொல்லிவிடுகிறது. ஒரு சாலையின் இயல்பைப் பார்த்து, அதில் நடப்பவர்கள் யார் என்று பார்த்து, இங்கே வேண்டாம் என்று முடிவெடுக்க அரசாங்கத்துக்குத் தெரியும். பக்தர்களுக்காகச் செய்வதை, அவர்களுக்கு லாட்ஜில் அறை பெருக்குகிறவர்கள், பூக்கட்டுகிறவர்கள், விடியற்காலை 3 மணிக்கு டிபன் கடை அடுப்பைப் பற்றவைக்கிறவர்கள் குடியிருக்கும் பின்தெருக்களுக்கும் செய்யலாம். பக்தர்களை அந்தப் பாதையிலிருந்து ஒதுக்கிய கடை மறைந்துபோகாது; இந்தத் தெருக்களில்தான் வந்து நிற்கும்.

இங்கிலாந்தில் இதற்கு என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். குடிப்பதில் நம்மைவிட அனுபவம் அதிகமுள்ள நாடு. அங்கே பப்களுக்கு உரிமம் கொடுப்பது நெடுங்காலம் மாஜிஸ்திரேட்டுகளின் வேலையாக இருந்தது. 2003இல் வந்த சட்டம் 2005 நவம்பரில் அமலானபோது அந்த வேலை உள்ளாட்சி மன்றங்களுக்கு வந்தது. ஒரு பப் நள்ளிரவு தாண்டியும் திறந்திருக்க விரும்பினால், வாசலில் வெளிர்நீலத் தாளில் ஓர் அறிவிப்பு ஒட்ட வேண்டும். 28 நாள் அது அங்கேயே இருக்க வேண்டும். உள்ளூர்ப் பத்திரிகையிலும் விளம்பரம். ஆட்சேபணை உள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம். எழுதிக் கொடுத்தால், மூன்று கவுன்சிலர்கள் கொண்ட துணைக்குழு உட்கார்ந்து விசாரிக்கும். பப்காரர், போலீஸ், தெருவாசிகள் எல்லோரும் பேசுவார்கள்.

ஆனால் குடி கெட்டது, கலாசாரம் சீரழிகிறது என்றெல்லாம் அங்கே பேச முடியாது. குற்றத்தைத் தடுப்பது, பொதுமக்கள் பாதுகாப்பு, பொதுத் தொல்லையைத் தடுப்பது, குழந்தைகளைப் பாதுகாப்பது ஆகிய நான்கு விஷயங்களுக்கு உட்பட்டுத்தான் ஆட்சேபணை இருக்க வேண்டும். பெரும்பாலும் முடிவு ஆம், இல்லை என்று வராது, நிபந்தனைகளாக வரும். 11 மணிக்கு மேல் தோட்டத்தில் யாரும் உட்காரக் கூடாது, ஜன்னலை மூட வேண்டும், வாசலில் காவலாள் நிற்க வேண்டும், காலிப் பாட்டில்களை இரவில் கொட்டக் கூடாது. பாட்டில் கொட்டுகிற சத்தத்துக்கு ஒரு நிபந்தனை! நம் ஊரில் அதைச் சொன்னால் சிரிப்பார்கள். நடுராத்திரியில் தூக்கம் கெட்டவர் சிரிக்க மாட்டார்.

அங்கே எல்லாம் ஒழுங்கு என்று சொல்ல வரவில்லை. பெரிய நிறுவனங்கள் வக்கீலோடு வரும். தெருவாசி தனியாக வருவார். யாரும் ஆட்சேபிக்காவிட்டால் கேட்டதைக் கொடுத்தே ஆக வேண்டும், மன்றத்துக்கு வேறு வழியில்லை. தோற்ற பப்காரர் மேல்முறையீட்டுக்குப் போய் மன்றத்துக்குச் செலவு வைப்பார். இருந்தாலும் பின்னாளில் தொல்லை அதிகமானால் உரிமத்தை மறுபரிசீலனை செய்யச் சொல்லித் தெருவாசிகள் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். அந்த ஒரு பயம் போதும், பப்காரர் பக்கத்து வீட்டுக்காரருக்குத் தன் தொலைபேசி எண்ணைக் கொடுத்துவைப்பார்.

இந்தியாவில் இது நடக்காது என்பதும் உண்மை இல்லை. கேரளத்தில் மதுக்கடைக்கு உள்ளாட்சியின் தடையில்லாச் சான்று தேவை என்று சட்டமே இருந்தது. நெடுஞ்சாலை ஓரக் கடைகளை அகற்றச் சொல்லி 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும், அந்தக் கடைகளை ஊருக்குள் கொண்டுபோக வேண்டிவந்தது. பஞ்சாயத்துகள் முரண்டுபிடித்தன. 2017இல் மாநில அரசு அவசரச் சட்டம் போட்டு அந்த அதிகாரத்தையே எடுத்துவிட்டது. அதிகாரப் பரவலுக்குப் பேர்போன மாநிலம் அது! கஜானா குறுக்கே வந்தால் பரவிய அதிகாரம் திரும்பச் சுருண்டுகொள்கிறது.

மகாராஷ்டிரத்தில் வேறு விதம். அங்கே கால் பங்கு வாக்காளர்கள், அல்லது பெண் வாக்காளர்களில் கால் பங்கினர், எழுதிக் கொடுத்தால் கடையை மூடலாமா என்று ரகசிய வாக்கெடுப்பு. வாக்குச்சீட்டில் இரண்டு சின்னங்கள்: நிற்கிற பாட்டில், படுத்த பாட்டில். மொத்த வாக்காளர்களில் பாதிக்கு மேல் படுத்த பாட்டிலுக்குப் போட்டால் கடை மூடப்படும். ராஜஸ்தானிலும் உள்ளூர் விருப்ப விதிகள் 1975 முதல் இருக்கின்றன. ராஜ்சமந்த் மாவட்டத்தின் காச்சபலி கிராமம் 2016 மார்ச்சில் வாக்களித்துத் தன் கடையை மூடிக்கொண்டது. பழங்குடிப் பகுதிகளில் 1996ஆம் ஆண்டுச் சட்டம் கிராம சபைக்கு மது விற்பனையைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தைக் கொடுக்கிறது. சித்தூரும் திருப்பதியும் அட்டவணைப் பகுதியில் இல்லை, எனவே அதுவும் உதவாது.

இவை எல்லாவற்றிலும் ஒரு குறை உண்டு. கடை வந்த பிறகு மூடத்தான் வழி. வருவதற்கு முன்னால் பேச வழியில்லை. அதோடு முழுதாக மூடு, இல்லாவிட்டால் சும்மா இரு என்ற இரண்டே வழிகள். நர்ஸுக்குத் தேவையான மூன்றாவது வழி, வாசலைத் திருப்புகிற வழி, எந்த வாக்குச்சீட்டிலும் இல்லை.

எல்லைக்கு இந்தப் பக்கம் நம் கதை இன்னும் மோசம். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கையில். விற்பவரும் அரசு, மனு வாங்குபவரும் அரசு. 1921இல் ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் இறங்கினார்கள். கடை என்றால் மறியல் என்பது அப்போதிருந்தே நமக்குப் பழக்கமாகிவிட்டது. கிராம சபையில் தீர்மானம் போடுகிறோம், கலெக்டருக்கு அனுப்புகிறோம், பிறகு சாலையில் உட்காருகிறோம். 2015 ஜூலை 31இல் குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் காந்தியவாதி சசிபெருமாள் செல்போன் கோபுரத்தில் ஏறிப் போராடி உயிரை விட்டார். அந்த ஊர் டாஸ்மாக் கடையை இடம் மாற்ற வேண்டும் என்பதுதான் அங்கே அவர் வைத்த கோரிக்கை. ஒரு கடையை இடம் மாற்றுவது! ஒரு மேஜைக்கு இந்தப் பக்கம் மூன்று பேரும் அந்தப் பக்கம் மூன்று பேரும் உட்கார்ந்து ஒரு மத்தியானத்தில் முடிக்க வேண்டிய காரியத்துக்கு ஒருவர் உயிர் போனது.

விசாரணை வைத்தால் எல்லாம் சரியாகிவிடுமா என்றால், எனக்கும் சந்தேகங்கள் உண்டு. நம் ஊர்களில் யார் பேசுவார்கள், யார் பேசவிடப்படுவார்கள் என்பது தெரியும். குலுக்கலிலேயே சிண்டிகேட் அமைக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு கூட்டத்தை நிரப்ப எவ்வளவு நேரம் ஆகும்? லாரியில் ஆட்களை இறக்கிக் 'கடை வேண்டும், கடை வேண்டும்' என்று கோஷம் போடவைக்கலாம். எதிர்க்கிற கவுன்சிலருக்கு ஒரு விலை இருக்கும். இன்னொரு பயமும் உண்டு. திருப்பதி போன்ற ஊரில் இன்று பார் வேண்டாம் என்கிற கூட்டம் நாளை பிரியாணிக் கடை வேண்டாம் என்று சொல்லும். அதனால்தான் இங்கிலாந்துச் சட்டம் போட்ட வேலி முக்கியம்: தொல்லை, பாதுகாப்பு, குழந்தைகள் பற்றிப் பேசுங்கள்; மற்றவரின் சாப்பாட்டையும் ஒழுக்கத்தையும் பற்றிப் பேச வேண்டாம்.

வியாபாரிகள் தரப்பிலும் நியாயம் இருக்கிறது. பல லட்சம் கட்டிவிட்டுக் கடை திறக்கிறவர், தெருவில் நாலு பேர் கூடியதும் மூட வேண்டும் என்றால் எப்படி? அதோடு சித்தூர் மூன்று மாநிலங்கள் சந்திக்கும் இடம். இந்தப் பக்கம் நேரத்தைக் குறைத்தால் கர்நாடக பாக்கெட்டுகள் எல்லை தாண்டி வரும். ஜெகன்மோகன் ஆட்சியில் சித்தூர் போலீஸார் பிடிபட்ட பாட்டில்களைத் தரையில் பரப்பி ரோடு ரோலர் ஏற்றி நொறுக்கும் படங்கள் வந்துகொண்டே இருந்தன. பெட்டிக்கடைக்குப் பின்னால் திருட்டுத்தனமாக விற்கும் பெல்ட் ஷாப்புக்கு மூடும் நேரமே கிடையாது. ஒழுங்கான பார் ஒன்று வெளிச்சமாக இயங்குவது இருட்டில் நடக்கும் பத்து பெல்ட் ஷாப்புகளைவிட மேல் என்று சொன்னால் மறுக்க எனக்குக் காரணம் கிடைக்கவில்லை. ஆனால் அந்த வாதம் பாருக்கு ஆதரவானது. விசாரணைக்கு எதிரானது அல்ல. பணம் கட்டுவதற்கு முன்பே விசாரணை நடந்தால் வியாபாரிக்கும் நஷ்டமில்லை. எந்த இடத்தில் என்ன நிபந்தனையோடு கடை என்று தெரிந்த பிறகு அவர் 5 லட்சத்தை எடுக்கலாம்.

பழக்கமில்லாத காரியம் என்றும் சொல்ல முடியாது. ஒரு பெரிய தொழிற்சாலையோ சுரங்கமோ சுற்றுச்சூழல் அனுமதி கேட்டால், 1990களின் பிற்பகுதியிலிருந்து பொது விசாரணை நடத்துகிறோம். பந்தல் போட்டு, மைக் வைத்து, கலெக்டரோ அவருடைய பிரதிநிதியோ உட்கார்ந்து, ஊர்க்காரர்கள் பேசுவதை வீடியோ எடுத்து, அறிக்கையில் சேர்க்கிறார்கள். பல சமயம் அது சடங்காக முடிகிறது. சில சமயம் ஊரே திரண்டு வந்து ஆலையைத் திரும்பிப் போகச் சொல்கிறது. ஊருக்கு வெளியே ஐந்து கிலோமீட்டர் தள்ளித் தோண்டப்போகும் பள்ளத்தைப் பற்றி மக்களிடம் கேட்கிற அதே கலெக்டர், படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே திறக்கப்போகும் பாரைக் குலுக்கிப் போட்டுவிடுகிறார்.

ஒலி விஷயத்தில் ஒரு சட்டம் கையில் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்த இடத்தில் ஒலிபெருக்கி கூடாது. பார் 12 மணி வரை இருக்கலாம். பாட்டு 10 மணிக்கு மேல் சுவரைத் தாண்டக் கூடாது. உரிமம் கொடுக்கும் தாளில் இந்த ஒரு வரியையாவது அச்சடித்து, வாசலில் தெலுங்கிலும் தமிழிலும் எழுதிவைக்கலாம். கலால் துறைக்குச் செலவு ஒரு போர்டு.

அதற்கு மேல் செய்ய மனம் இருந்தால் மாநகராட்சி வார்டுக் கூட்டத்தில் ஒரு நாள், வாசலில் ஒட்டப்பட்ட ஒரு தாள், 28 நாள் அவகாசம், வாசல், வண்டி நிறுத்தம், மூடும் நேரம் மூன்றையும் மாற்றச் சொல்லும் அதிகாரம், இவை போதும். கொடுக்கலாமா வேண்டாமா என்ற உரிமையை அரசே வைத்துக்கொள்ளட்டும், விற்பனை அதனுடையது. எந்தப் பக்கம் வாசல் என்பதையாவது தெரு சொல்லட்டும்.

இந்தப் பார் கொள்கைக்கு மூன்று ஆண்டு ஆயுள். 2028 ஆகஸ்ட் 31இல் முடியும். அடுத்த கொள்கையை எழுத உட்காருகிறவர்களுக்கு அதற்குள் யாராவது இந்தப் பின்தெருக்களைக் காட்டினால் நல்லது. அதுவரை எதிர்வீட்டுக்காரர் 112க்கு போன் செய்து பார்க்கலாம். ஷிப்ட் முடிந்து வரும் பெண் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிச் சுற்றி வருவாள்.